பித்தம் போகும் வழி

1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் கதையை யார் சொன்னாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ராமானுஜர் பிறந்த ஊர், ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர், அதற்குப் பிறகு கார், கண்ணாடி, செல்போன், லாரி, புல்லட் என்று ஒரகடம் தாண்டியும் நீண்டுகொண்டே போனது.

அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு டெல்லி அப்போலோ மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தையின் பெயர் சஞ்சய் கந்தசாமி. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தன் கல்லீரலிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா. ஒரு குழந்தைக்குச் செய்து இந்தியாவில் வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அதுதான். சான்ட்ரோ வந்த கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சஞ்சய் கதை தெரிந்தவர்கள் குறைவு.

சஞ்சய்க்கு இருந்த நோய் பிலியரி அட்ரீசியா. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் இறங்கும் குழாய், பிறந்த சில வாரங்களுக்குள் வீங்கி, அடைத்து, வெறும் தழும்பாகிவிடும். ஒரு குழாய் அடைத்ததற்கு முழுக் கல்லீரலையே ஏன் மாற்ற வேண்டும்? அடைப்பை நீக்கிவிட்டால் போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் நுண்ணோக்கியின் அடியில்தான் இருக்கிறது. ஆனால் நாம் கறிக்கடையிலிருந்து தொடங்கலாம்.

ஈரல் கேட்டால் கடைக்காரர் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஈரலைப் புரட்டி, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பையைப் பதமாக அறுத்து ஓரமாக எறிவார். கத்தி நுனி பட்டுப் பை கிழிந்தால் போச்சு. பச்சை நீர் வழிந்த துண்டை எத்தனை தண்ணீரில் அலசினாலும் கசப்பு விடாது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கசப்பு நீர் பையில் ஊறுவதே இல்லை. பித்தப்பை வெறும் சேமிப்பிடம். பித்தநீர் ஊறுவது அந்த ஈரலுக்குள்ளேதான், அதன் ஒவ்வொரு செல்லிலும். அப்படியிருந்தும் ஈரல் கசப்பதில்லை. மனிதக் கல்லீரலில் நாளொன்றுக்கு 600 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் ஊறுகிறது. அவ்வளவும் சதையில் கசியாமல், ரத்தத்தில் கலக்காமல் வெளியே போய்விடுகிறது. ஈரல் ஏன் கசப்பதில்லை என்பதுதான் இந்த அத்தியாயம் முழுவதும்.

ஒரு சிறு துண்டு ஈரலை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஹீமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றினால் ஸ்லைடு தயார். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல்முறை பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். சிறுநீரகத்தைப் பார்த்தால் உருண்டை உருண்டையாக ஏதோ தெரியும், குடலில் விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கல்லீரலிலோ எங்கு திரும்பினாலும் ஒரே இளஞ்சிவப்பு, நடுநடுவே ஊதாப் புள்ளிகள். மருத்துவ மாணவர்களை இந்த ஸ்லைடு கொஞ்சம் தூங்கவைக்கும்.

சற்று நிதானித்தால் ஒழுங்கு பிடிபடும். நடுவில் ஒரு சிரை. அதிலிருந்து எல்லாத் திசையிலும் விரிந்து போகும் செல் வரிசைகள். அவை முடியும் இடத்தை இணைத்துக் கோடு போட்டால் ஏறத்தாழ அறுகோணம். குறுக்கே ஒரு மில்லிமீட்டர் இருக்கும். இதற்கு நுண்மடல் என்று பெயர். பன்றியின் ஈரலில் ஒவ்வொரு நுண்மடலைச் சுற்றியும் நார்ச்சுவர் இருப்பதால் வெறும் கண்ணுக்கே கட்டம் கட்டமாகத் தெரியும். 1664-இல் நுண்மடலைக் கண்ட மருத்துவர் வெப்ஃபர் பார்த்ததும் பன்றி ஈரலைத்தான். மனிதருக்கு அந்தச் சுவர் கிடையாது. அதனால் எல்லை எங்கே என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 1833-இல் லண்டனில் பிரான்சிஸ் கீர்னன் ரத்தக்குழாய்களுக்குள் சாயம் ஏற்றிப் பார்த்து, நுண்மடலின் படத்தைத் தெளிவாக வரைந்தார். இன்றைய பாடப்புத்தகத்தில் இருக்கும் படம் அதன் வாரிசுதான்.

அறுகோணத்தின் மூலைகளில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு மூலையிலும் மூன்று குழாய்கள் சேர்ந்தே காணப்படும். ஒன்று குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளை, இன்னொன்று கல்லீரல் தமனியின் கிளை, மூன்றாவது பித்தநாளம். முதல் இரண்டிலும் ரத்தம் உள்ளே வருகிறது, மூலையிலிருந்து புறப்பட்டு செல் வரிசைகளை ஒட்டி நடுச் சிரைக்குப் போகிறது. பித்தநீரோ அதே வரிசைகளின் ஊடாக நடுவிலிருந்து மூலையை நோக்கி, நேர் எதிர்த்திசையில் நகர்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் ஒரு பக்கம், துளித்துளியாகப் பித்தநீர் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு செல்.

ரத்தம் ஓடும் வழிக்கு சைனுசாய்டு என்று பெயர். இதன் சுவர் உடம்பின் பெரும்பாலான தந்துகிகளின் சுவர் மாதிரி மூடியது அல்ல. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஓட்டைகள் சல்லடை சல்லடையாக நிறைந்தது. சிவப்பணு நுழைய முடியாது. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதி தாராளமாக வெளியே வந்து கல்லீரல் செல்லை நேரடியாக நனைக்கும். வழியில் குப்ஃபர் செல்கள் ஒட்டிக்கொண்டு, குடலிலிருந்து தப்பி வந்த கிருமிகளை விழுங்குகின்றன. சுவருக்கும் செல்லுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் நட்சத்திர செல்கள் சாதுவாக உட்கார்ந்திருக்கும். உடம்பில் சேமித்துள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி இவற்றின் கொழுப்புத் துளிகளுக்குள்தான் இருக்கிறது. இந்தச் சாதுவை நினைவில் வையுங்கள், பின்னால் வேறு வேஷத்தில் வரும்.

இனி கல்லீரல் செல். இருபது முப்பது மைக்ரான் அகலம், பல பக்கங்கள் கொண்ட உருவம், சிலவற்றில் இரண்டு உட்கரு. ஒரகடத்தில் எந்தப் பெரிய கம்பெனியின் வாசலில் நின்றாலும் ஒன்று தெரியும்: மூலப்பொருள் லாரி நுழையும் கேட் வேறு, முடிந்த சரக்கு வெளியேறும் கேட் வேறு. கல்லீரல் செல்லும் அப்படித்தான். ரத்தத்தைப் பார்த்த முகம் ஒன்று, பித்தத்தைப் பார்த்த முகம் ஒன்று. கல்லீரலை ரசாயனத் தொழிற்சாலை என்று எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. இந்த இரண்டு கேட் விஷயத்துக்கு மேல் அந்த உவமை எனக்கு ஒத்துவரவில்லை. அசெம்ப்ளி லைனில் ஒருவருக்கு ஒரு வேலைதான். இங்கே ஒவ்வொரு செல்லும் ஆல்புமின் செய்கிறது, சர்க்கரையைச் சேமிக்கிறது, அம்மோனியாவை யூரியாவாக்குகிறது, மாத்திரையை உடைக்கிறது, பித்தநீரும் சுரக்கிறது. இடத்துக்குத் தக்கபடி அழுத்தம் மட்டும் மாறும். மூலையை ஒட்டிய செல்லுக்கு ஆக்சிஜன் மிகுதி. நடுச் சிரையை ஒட்டிய செல்லுக்கு அது குறைவு, ஆனால் சாராயத்தையும் மருந்தையும் உடைக்கும் நொதிகள் அங்கேதான் அதிகம். பாரசிட்டமால் அளவு மீறினாலும், கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரியான கரைப்பானை முகர்ந்தாலும் நடுப்பகுதி செல்கள் முதலில் சாவது இதனால்தான். பெயின்ட் ஷாப்பில் முகக்கவசம் போடச் சொல்வது மூக்குக்காக மட்டும் அல்ல.

பித்தத்தைப் பார்த்த அந்த முகம் எங்கே இருக்கிறது? செல்லின் வெளி ஓரத்தில் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இந்தச் செல்லில் ஒரு அரைப்பள்ளம், அந்தச் செல்லில் ஒரு அரைப்பள்ளம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமுள்ள வாய்க்கால். பித்த நுண்கால்வாய் என்பது இதுதான். இதற்கென்று தனிச் சுவர் கிடையாது. இரண்டு செல்களின் சவ்வுதான் அதன் கரை. கரையின் இரண்டு விளிம்பிலும் செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தையலுக்கு இந்தப் பக்கம் பித்தம், அந்தப் பக்கம் ரத்தம். தையல் பிரிந்தால் இரண்டும் கலந்துவிடும். ஈரல் கசக்காமல் இருப்பது இந்தத் தையலின் தயவில்.

இந்த வாய்க்காலில் பித்த உப்பு தானாக வடிவதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் புரதப் பம்புகள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து அதைத் தள்ளுகின்றன. செல்லுக்குள் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் செறிவாக வாய்க்காலுக்குள் ஏற்றிவிடுகின்றன. பித்த உப்பு ஒரு சோப்பு. குடலில் கொழுப்பைக் கரைப்பதுதான் அதன் வேலை. ஆனால் செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதானே? அதனால் கூடவே பாஸ்போலிப்பிட் என்ற இன்னொரு கொழுப்பையும் செல் அனுப்பிவைக்கிறது. இரண்டும் சேர்ந்து சிறு உருண்டைகளாகிவிட்டால் சோப்பின் கடுமை அடங்கும். உடம்பில் உள்ள பித்த உப்பு மொத்தமே இரண்டு முதல் நான்கு கிராம்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பிவிடும். ஒரு நாளில் ஆறிலிருந்து பத்து முறை அது சுற்றி வருகிறது.

நுண்கால்வாய்கள் நுண்மடலின் ஓரத்தை நெருங்கும்போது ஹெரிங் கால்வாய் வருகிறது. ஒரு பக்கக் கரை கல்லீரல் செல், மறுபக்கக் கரை பித்தநாளச் செல் என்று பாதிப்பாதியாக இருக்கும் விசித்திரமான இடம். அதைத் தாண்டினால் கனசதுரச் செல்கள் வரிசையாக நின்ற முறையான குழாய். இந்தச் செல்கள் பைகார்பனேட்டும் தண்ணீரும் சேர்த்துப் பித்தநீரை இளக்குகின்றன. சிறு குழாய்கள் சேர்ந்து பெரிதாகி, இடது வலது என இரண்டாகி, ஒன்றாகிக் கல்லீரலை விட்டு இறங்குகின்றன. பித்தப்பை அதில் ஒரு கிளை.

பிலியரி அட்ரீசியா வருவது இந்தப் பெரிய குழாயில். ஒரே காரணம் என்று எதுவும் நிரூபணமாகவில்லை. வைரஸ், எதிர்ப்பு சக்தியின் கோளாறு என்று ஆய்வுகள் போய்க்கொண்டிருக்கின்றன. மேலை நாடுகளில் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் பிறப்புக்கு ஒன்று, தைவானில் ஐயாயிரம் ஆறாயிரத்துக்கே ஒன்று. கர்ப்பத்தில் எதையோ தின்றுவிட்டாள் என்று தாய்மேல் பழிபோட இடமில்லை. மாமியார்கள் கவனிக்க.

அடைப்பு வெளிக்குழாயில் இருந்தாலும் அடி விழுவது மேலே. பயாப்ஸி ஊசியில் வருவது முழுக் கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நூல் துண்டைச் சீவிப் பார்த்தாலே போதும். நுண்மடலின் மூலைகள் வீங்கியிருக்கும். ஒரு குழாய் இருக்க வேண்டிய இடத்தில், போக வழி தேடி முளைத்த குட்டிக் குழாய்கள் கூட்டமாக நெளியும். சிலவற்றின் நடுவே பச்சையும் பழுப்புமாகப் பித்தம் உறைந்து நிற்கும். நுண்கால்வாய்கள் உப்பியிருக்கும். தையல் தளர்ந்து, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் பித்த உப்பும் ரத்தத்துக்குத் திரும்பும். கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும். வெளியேற வழியில்லாத சோப்பு, தான் பிறந்த செல்லையே கரைக்கத் தொடங்கும்.

இங்கேதான் நட்சத்திர செல் வேஷம் மாற்றுகிறது. வைட்டமின் ஏ-யை உதறிவிட்டு நார் நூற்கத் தொடங்குகிறது. மூலைக்கு மூலை நார்ப்பாலம் கட்டுகிறது. மனிதக் கல்லீரலில் இல்லாத சுவர் இப்போது கோணல்மாணலாக எழும்புகிறது. ரத்தம் செல்லைத் தொட முடியாது, போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும். வயது வந்த குடிகாரருக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் சிரோசிஸ் இந்தக் குழந்தைக்குச் சில மாதங்களில் வந்துவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு மூன்று வயதைத் தாண்டுவது அபூர்வம்.

அடைப்பை மட்டும் நீக்கினால் போதாதா என்று கேட்டோம். போதும், சீக்கிரம் செய்தால். ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1959-இல் ஒரு முறையை வெளியிட்டார். தழும்பாகிப்போன குழாயை முழுதும் வெட்டி எடுத்துவிட்டு, கல்லீரலின் வாசலில் வெட்டுப்பட்ட இடத்தின் மீதே சிறுகுடலை நேராகத் தைத்துவிடுவது. குழாயே தெரியாத இடத்தில் குடலைத் தைத்தால் பித்தம் எப்படி வரும் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தத் தழும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இன்னும் திறந்திருந்தன. பித்தம் அவற்றின் வழியே வந்தது. ஆனால் அவை ரொம்ப நாள் திறந்திருக்காது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம், தாமதமாக ஆகக் குறைந்துகொண்டே போகும். நல்லபடி செய்தாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் மாற்றுக் கல்லீரல் தேவைப்படுகிறது.

உலகின் முதல் கல்லீரல் மாற்றே இந்த நோய்க்காகத்தான் நடந்தது. 1963 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்தார். ரத்தப்போக்கு நிற்காமல் குழந்தை மேசையிலேயே இறந்துபோனது. அங்கிருந்து டெல்லிக்கு வந்து சேர 35 ஆண்டுகள் ஆயின. நடுவில் நம் ஊர்க்காரர் ஒருவரின் கையும் பட்டது. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூரில் பிறந்த முகமது ரேலா, 1997-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றினார்.

அப்பாவிடமிருந்து சஞ்சய்க்கு எடுத்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வெட்டிய மடல் மறுபடி முளைக்காது என்பது பலருக்குத் தெரியாது. மீதமுள்ள பகுதியின் செல்கள் பிரிந்து பெருகி, இருக்கும் நுண்மடல்களே பருத்துத்தான் எடை ஈடுகட்டப்படுகிறது. சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். குழந்தைக்குள் போன துண்டு குழந்தையோடு சேர்ந்து வளரும். சஞ்சய் வளர்ந்து எம்.பி.பி.எஸ். படித்து மருத்துவரானார்.

இப்போது மறுபடி ஒரகடம். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் வேலை செய்பவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறக்கும் வயது. தலைப்பிரசவம் தாய்வீட்டில், திருவண்ணாமலையிலோ தேனியிலோ. அப்பா இங்கே நைட் ஷிப்டில். குழந்தையோடு திரும்பி வருவது பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில். கசாய் முறைக்கு உகந்த 60 நாள் அதற்குள் ஓடிவிடுகிறது.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் லேசாக மஞ்சளாவது உண்மை. பிலிருபினைப் பக்குவப்படுத்தும் நொதி கல்லீரலில் இன்னும் முழுதாக வேலைக்கு வராததுதான் காரணம், அது தானே சரியாகும். இதனால்தான் காலை வெயிலில் காட்டுங்கள், போய்விடும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இன்னொரு பழக்கம் கீழாநெல்லி. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியின் கண்டுபிடிப்புக்காக நோபல் பெற்ற பிளம்பெர்கும் சேர்ந்து அந்தச் செடி அந்தக் கிருமிக்கு எதிராகப் பலன் தருவதாக லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அது வைரஸ் பற்றிய பேச்சு. தழும்பாகி மூடிய குழாயை எந்தச் சாறும் திறக்காது. பச்சைக் குழந்தைக்கு எதையும் புகட்டாமல் இருப்பதே நல்லது.

பித்தம் குடலுக்கு இறங்குகிறதா என்று அறிய நுண்ணோக்கி வேண்டாம். மலத்தின் மஞ்சளும் பழுப்பும் பித்தத்தின் நிறமிதான். அது இறங்காவிட்டால் மலம் வெளுத்து, சுண்ணாம்பு நிறத்திலோ சாம்பல் களிமண் நிறத்திலோ போகும். அந்த நிறமி சிறுநீரில் வெளியேறுவதால் துணியில் அடர் மஞ்சள் கறை படியும். சின்னக் குழந்தையின் சிறுநீருக்கு இயல்பில் நிறமே இருக்காது. வைட்டமின் கே உறிஞ்சப்படாமல் போவதால் சிறு கீறலிலும் ரத்தம் நிற்காமல் போகலாம். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க எல்லாத் தாய்மாருக்கும் மல நிற அட்டை கொடுக்கிறார்கள். அதன் பிறகு 60 நாளுக்குள் அறுவை நடக்கும் குழந்தைகளின் விகிதம் கூடியது.

நம்மிடம் அட்டை இல்லாவிட்டாலும் பகல் வெளிச்சமும் கண்ணும் இருக்கின்றன. மலம் வெளுத்திருந்தால் அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள், நாள் பார்க்க வேண்டாம். பிறந்து 14 நாளுக்குப் பிறகும் கண்ணில் மஞ்சள் இருந்தால், மொத்த பிலிருபினோடு, கல்லீரல் பக்குவப்படுத்திய டைரக்ட் பிலிருபினும் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் இன்னொரு முறை கேளுங்கள். எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றுக்கும் இடம் உண்டு. டைரக்ட் பிலிருபின் பார்க்கக் கொஞ்சம் ரத்தம் போதும், பெரும்பாலான ஆய்வகங்களில் அன்றைக்கே முடிவு தந்துவிடுவார்கள்.